எம்.எல்.ஏ. பதவி எப்படியெல்லாம் பறிபோகும்? தொகுதி காலியானால் அடுத்து என்ன? முழு விளக்கம்

தமிழ்நாட்டின் 15ஆவது சட்டமன்றம் 2016 மே மாதம் தொடங்கி 2021 மே மாதம் முடிந்தது. ஐந்து ஆண்டு, கணக்குக்கு 60 மாதம். இதில் வேலூர் மாவட்டம் குடியாத்தம் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இருந்தது எத்தனை மாதம் தெரியுமா? சுமார் 25 மாதம்தான். கிட்டத்தட்ட 34 மாதம் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

2016 தேர்தலில் குடியாத்தத்தில் வென்றவர் அதிமுகவின் ஜெயந்தி பத்மநாபன். 2017 செப்டம்பரில் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். 2019 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் திமுகவின் காத்தவராயன் வென்றார். ஒன்பது மாதத்தில், 2020 பிப்ரவரி 28 அன்று அவர் மறைந்தார். அதன் பிறகு இடைத்தேர்தலே நடக்கவில்லை. நேராக 2021 பொதுத்தேர்தல்தான்.

இத்தனைக்கும் இது சாதாரணத் தொகுதி இல்லை. 1954இல் முதலமைச்சரான காமராஜர், சட்டமன்ற உறுப்பினர் ஆவதற்காக இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊர், ஐந்து ஆண்டில் பாதிக்கும் மேல் பிரதிநிதி இல்லாமல் இருந்திருக்கிறது. இதில் வாக்காளர்கள் செய்த தவறு என்ன? ஒன்றுமே இல்லை. இரண்டு முறை வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். மீதி எல்லாமே அவர்கள் கையில் இல்லாத விஷயங்கள்.

ஒரு எம்.எல்.ஏ.வின் பதவி எப்போது தொடங்கும், எந்தெந்த வழியில் போகும், அதை யார் முடிவு செய்வார்கள், தொகுதி காலியானால் எத்தனை நாளில் தேர்தல் நடக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எம்.எல்.ஏ. பதவிக்காலம் எப்போது தொடங்குகிறது?

'எங்க எம்.எல்.ஏ.வுக்கு அஞ்சு வருஷம்' என்று பேச்சுவழக்கில் சொல்வோம். சட்டப்படி ஐந்து ஆண்டு என்பது தனி உறுப்பினருக்கு இல்லை, சட்டமன்றத்துக்குத்தான். அரசியல் சாசனத்தின் 172ஆவது பிரிவின்படி, பேரவை முதல் முறை கூடும் நாளில் இருந்து ஐந்து ஆண்டு கணக்கு ஓடும். நடுவில் இடைத்தேர்தலில் ஜெயித்து வருபவருக்கு மிச்சம் இருக்கும் காலம் மட்டுமே கிடைக்கும். 2019 மே மாதம் வென்ற காத்தவராயனுக்கு இரண்டு ஆண்டுதான் மீதி இருந்தது.

தேர்தல் முடிவு அறிவிக்கப்பட்டதும் ஒருவர் எம்.எல்.ஏ. ஆகிவிடுகிறார். ஆனால் 188ஆவது பிரிவின்படி உறுதிமொழி எடுத்தால்தான் அவையில் உட்காரவும் வாக்களிக்கவும் முடியும். எடுக்காமல் உட்கார்ந்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்றும் சாசனம் சொல்கிறது.

உறுதிமொழி எடுக்கும் முன்பே காலியான தொகுதியும் உண்டு. மதுரை திருப்பரங்குன்றத்தில் 2016இல் வென்ற அதிமுகவின் சீனிவேல், பதவியேற்பதற்கு முன்பே உடல்நலக் குறைவால் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் ஏ.கே. போஸ் வென்றார். 2018 ஆகஸ்டில் அவரும் மறைந்தார். 2019 மே மாதம் மூன்றாவது முறையாக அந்தத் தொகுதி வாக்களித்தது. ஒரே சட்டமன்றத்தில் மூன்று தேர்தல்!

வழி 1: ராஜினாமா

உறுப்பினர் தன் கைப்பட கையெழுத்திட்டு சபாநாயகருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். கட்சித் தலைவரிடம் கொடுத்தால் செல்லாது. பேட்டியில் 'ராஜினாமா செய்துவிட்டேன்' என்று சொன்னாலும் செல்லாது. அந்தக் கடிதம் மிரட்டலோ நிர்பந்தமோ இல்லாமல் தானாக எழுதியதுதானா என்று சபாநாயகர் திருப்தி அடைந்த பிறகே ஏற்க வேண்டும். 1974இல் வந்த 33ஆவது சாசனத் திருத்தம் இந்த நிபந்தனையைச் சேர்த்தது.

வேறு பதவிக்குப் போவதற்காகச் செய்யும் ராஜினாமா ஒரு வகை. நாங்குநேரி எம்.எல்.ஏ.வாக இருந்த எச். வசந்தகுமார் 2019இல் கன்னியாகுமரி எம்.பி. ஆனார். ஒரே நேரத்தில் இரண்டு அவையிலும் இருக்க முடியாது. 14 நாளுக்குள் எம்.எல்.ஏ. பதவியை விடாவிட்டால் எம்.பி. பதவி போய்விடும். அதனால் அவர் ராஜினாமா செய்தார், நாங்குநேரியில் இடைத்தேர்தல் நடந்தது.

கட்சி மாறுவதற்காகச் செய்யும் ராஜினாமா இன்னொரு வகை. விளவங்கோடு காங்கிரஸ் எம்.எல்.ஏ. விஜயதரணி 2024 பிப்ரவரியில் பாஜகவில் சேர்ந்தார், எம்.எல்.ஏ. பதவியையும் ராஜினாமா செய்தார். இரண்டே மாதத்தில், ஏப்ரல் 19 அன்று, மக்களவைத் தேர்தலோடு சேர்த்து அங்கே இடைத்தேர்தல் முடிந்துவிட்டது. ராஜினாமா என்றால் வழக்கு இல்லை, இழுபறி இல்லை. தொகுதிக்கும் காத்திருப்பு குறைவு.

வழி 2: நீதிமன்றத் தண்டனை

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 8ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தால் பதவி போய்விடும். சிறையில் இருந்து வெளியே வந்த பிறகும் ஆறு ஆண்டுக்குத் தேர்தலில் நிற்க முடியாது. ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற சில சட்டங்களின் கீழ் தண்டனை என்றால், எத்தனை நாள் சிறை என்ற கணக்கே கிடையாது. தண்டனை வந்தாலே தகுதி நீக்கம்தான்.

முன்பு இதில் ஒரு சலுகை இருந்தது. பதவியில் இருப்பவர் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால், அது முடியும் வரை பதவியில் தொடரலாம். 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. அன்றில் இருந்து தீர்ப்பு வந்த நொடியே பதவி காலி.

தமிழ்நாட்டில் இதன் வீச்சு 2014 செப்டம்பர் 27 அன்று தெரிந்தது. சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதித்ததும், முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ. பதவியையும் முதலமைச்சர் பதவியையும் ஒரே நாளில் இழந்தார். 2015 பிப்ரவரியில் ஸ்ரீரங்கத்தில் இடைத்தேர்தல் நடந்து வளர்மதி வென்றார். மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. ஆனால் ஸ்ரீரங்கத்தில் ஏற்கெனவே வேறு எம்.எல்.ஏ. வந்தாச்சு. அதனால் அவர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நின்று மறுபடியும் உறுப்பினர் ஆக வேண்டியிருந்தது. அந்த விடுதலையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, 2017 பிப்ரவரியில், அவர் உயிரோடு இல்லை.

பொன்முடி விவகாரம் வேறு மாதிரி போனது. 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. திருக்கோவிலூர் தொகுதி காலி என்று அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்தி வைத்தது. இடைத்தேர்தல் எதுவும் நடக்காததால் எம்.எல்.ஏ. பதவி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்து வைக்க ஆளுநர் ஆர்.என். ரவி மறுத்தார். உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்த பிறகு, மார்ச் 22 அன்று பதவியேற்பு நடந்தது.

இந்த இரண்டு வழக்கிலும் கவனிக்க வேண்டியது ஒன்று. தண்டனையை மட்டும் நிறுத்தி ஜாமீன் கொடுத்தால் பதவி திரும்பாது. குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் இடைத்தேர்தல் முடிந்துவிட்டால் அதுவும் பயன்படாது.

வழி 3: கட்சித் தாவல்

அதிகம் சண்டை நடப்பது இங்கேதான். 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சாசனத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. அதன்படி இரண்டு காரணங்களால் பதவி போகலாம்.

ஒன்று, தன் கட்சியைத் தானாக விட்டு விலகுவது. விலகல் கடிதம் கொடுத்தால்தான் விலகல் என்று இல்லை, நடந்துகொள்ளும் விதத்தை வைத்தே விலகிவிட்டார் என்று முடிவு செய்யலாம் என உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டாவது, கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் இருப்பது. இதை 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் பிரச்சினை இல்லை.

மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் தப்பிக்கலாம் என்ற விதி முதலில் இருந்தது. 2003இல் 91ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து வேறு கட்சியோடு இணைந்தால் மட்டுமே விலக்கு.

கட்சி நீக்கினால் எம்.எல்.ஏ. பதவி போகுமா?

போகாது. பலரும் குழம்பும் இடம் இது. கட்சியில் இருந்து நீக்கப்பட்டவர் எம்.எல்.ஏ.வாகத் தொடரலாம். ஆனால் அவர் சுதந்திரமானவரும் இல்லை. அதிமுகவில் இருந்து நீக்கப்பட்ட ஜி. விஸ்வநாதன் மதிமுகவில் சேர்ந்தபோது, சபாநாயகர் அவரைத் தகுதி நீக்கம் செய்தார். 1996இல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், நீக்கப்பட்டாலும் சட்டத்தின் பார்வையில் அவர் தன்னை நிறுத்திய கட்சியின் உறுப்பினர்தான் என்றது. அப்படி இருப்பவர் வேறு கட்சியில் சேர்ந்தால், பழைய கட்சியை அவராகவே விட்டதாக அர்த்தம். நாடு முழுவதும் எடுத்துக்காட்டப்படும் அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கில் வந்தது.

18 பேர் ஒரு பக்கம், 11 பேர் மறுபக்கம்

தகுதி நீக்கத்தை முடிவு செய்பவர் சபாநாயகர். அவர் ஆளும் கட்சியின் ஆதரவோடு தேர்வானவர். எத்தனை நாளில் முடிவு எடுக்கணும் என்று பத்தாவது அட்டவணையில் ஒரு வரி கூட இல்லை. இதனால் என்ன ஆகும் என்பதற்கு 15ஆவது சட்டமன்றமே உதாரணம்.

2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்து வாக்களித்த 11 பேர் ஓ. பன்னீர்செல்வமும் அவரது ஆதரவு அதிமுக எம்.எல்.ஏ.க்களும். ஆகஸ்ட் 21 அன்று இரண்டு அணிகளும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர் ஆனார்.

அடுத்த நாளே, ஆகஸ்ட் 22 அன்று, டி.டி.வி. தினகரனின் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று அரசு கொறடா சபாநாயகரிடம் புகார் கொடுத்தார். செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். புகாருக்கும் முடிவுக்கும் இடையே ஒரு மாதம் கூட ஆகவில்லை.

11 பேர் விவகாரம்? திமுக உயர் நீதிமன்றம் போனது. 2018 ஏப்ரலில் மனு தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் போனது. 2020 பிப்ரவரி 14 அன்று, சபாநாயகர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார், அவரே முடிவெடுப்பார் என்று வழக்கு முடித்து வைக்கப்பட்டது. 2021இல் சட்டமன்றத்தின் காலமே முடிந்தது. 11 பேரில் ஒருவர் பதவியும் இதனால் போகவில்லை.

இரண்டு விவகாரத்தின் சூழலும் வேறு வேறு என்று வாதிடலாம். வாதிட்டார்கள். ஆனால் வேகம்? ஒரே அவை, ஒரே சபாநாயகர். ஒரு மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் முடிவு, இன்னொன்றுக்கு ஆண்டுக்கணக்கில் மௌனம்.

இதில் ஒரு எண் கணக்கும் உண்டு. 234 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 118 பேர் வேண்டும். 18 இடங்களைக் கழித்தால் 216. அப்போது 109 பேர் போதும். தகுதி நீக்கம் தனிநபர் தண்டனையோடு நிற்பதில்லை, அரசு நிலைக்குமா கவிழுமா என்பதையே மாற்றிவிடும் என்பது இதில் புரியும்.

18 தொகுதிகளும் ஏன் 20 மாதம் காத்திருந்தன?

தகுதி நீக்கத்தை எதிர்த்து 18 பேரும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2017 செப்டம்பர் 20 அன்று, மறு உத்தரவு வரும் வரை அந்தத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. வழக்குத் தொடுத்தவர்களுக்கு அது நியாயமான பாதுகாப்புதான். அவர்கள் ஜெயித்து வரும்போது நாற்காலியில் வேறு யாராவது இருந்தால் என்ன செய்வது?

ஆனால் வழக்கு நீண்டது. 2018 ஜூன் 14 அன்று இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தார்கள். தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதி நீக்கம் செல்லும் என்றார், நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவது நீதிபதி சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று செல்லும் என்று தீர்ப்பளித்தார். அதற்குள்ளேயே 13 மாதம் போச்சு. மக்களவைத் தேர்தலோடு சேர்த்துத்தான் இடைத்தேர்தல் நடந்தது. முடிவு வந்தது 2019 மே 23.

அரவக்குறிச்சி நிலைமை இன்னும் மோசம். பணப் பட்டுவாடா புகாரால் 2016 மே மாதம் அங்கே தேர்தலே தள்ளிப்போனது. நவம்பரில்தான் செந்தில் பாலாஜி எம்.எல்.ஏ. ஆனார். பத்து மாதத்தில், அந்த 18 பேரில் ஒருவராகத் தகுதி நீக்கம். ஆக, ஐந்து ஆண்டில் சுமார் 26 மாதம் அந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை. 2019 இடைத்தேர்தலில் அதே செந்தில் பாலாஜி திமுக சார்பில் நின்று அதே தொகுதியில் ஜெயித்தார்.

தகுதி நீக்கப்பட்டவர் உடனே எப்படி நிற்க முடிந்தது?

தண்டனை பெற்றவருக்குத்தான் ஆறு ஆண்டு தடை. கட்சித் தாவலுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. கர்நாடகத்தில் 2019இல் 17 எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கம் செய்த சபாநாயகர், சட்டமன்றக் காலம் முடியும் வரை அவர்கள் தேர்தலில் நிற்கக் கூடாது என்றும் உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் தகுதி நீக்கத்தை உறுதி செய்தது. ஆனால் தேர்தலில் நிற்கத் தடை போடும் அதிகாரம் சபாநாயகருக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. மறுபடி தேர்வாகும் வரை அமைச்சராக முடியாது, அவ்வளவுதான்.

வழி 4: தேர்தல் வழக்கு

தேர்தல் முடிவை எதிர்த்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆறு மாதத்துக்குள் முடிக்க முயற்சி செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை எப்படி என்பதற்கு நெல்லை மாவட்டம் ராதாபுரத்தைப் பார்க்கலாம். 2016இல் அதிமுகவின் இன்பதுரை வெறும் 49 வாக்கில் திமுகவின் அப்பாவுவைத் தோற்கடித்தார். தபால் வாக்குகளை நிராகரித்தது தவறு என்று அப்பாவு வழக்குப் போட்டார். மூன்று ஆண்டுக்குப் பிறகு, 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கை நடந்தது. ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அப்படியே 2021 வந்துவிட்டது. அந்தத் தேர்தலில் ராதாபுரத்தில் அப்பாவு ஜெயித்தார், சபாநாயகரும் ஆனார். 2016இல் ராதாபுரம் யாருக்கு வாக்களித்தது என்ற கேள்விக்கு, அந்தச் சட்டமன்றம் முடியும் வரை பதில் வரவில்லை.

வேறு வழிகள்

- தொடர்ந்து வராமல் இருப்பது: அனுமதி இல்லாமல் 60 நாள் எல்லாக் கூட்டத்துக்கும் வராவிட்டால், பதவி காலி என்று அவை அறிவிக்கலாம். ஆனால் அவை தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்ட காலம் கணக்கில் வராது. இதனால் 60 நாளை எட்டுவதே கஷ்டம்.
- ஆதாயம் தரும் பதவி: அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகித்தாலோ, இந்தியக் குடியுரிமை போனாலோ பதவி போகும். இதில் ஆளுநர்தான் முடிவு செய்வார். ஆனால் தேர்தல் ஆணையத்தின் கருத்துப்படியே செய்ய வேண்டும்.
- அவையே வெளியேற்றுவது: 1986இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சாசனத்தின் பகுதியை எரித்ததற்காக, க. அன்பழகன் உள்ளிட்ட திமுக உறுப்பினர்கள் 10 பேர் பதவியை இழந்தார்கள்.

இடைத்தேர்தல் எத்தனை நாளில் நடக்கணும்?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவின்படி, காலியான நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள். இரண்டு விதிவிலக்கு உண்டு. சட்டமன்றத்தின் காலம் ஒரு ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் தேர்தல் தேவையில்லை. அல்லது, குறிப்பிட்ட நேரத்தில் நடத்துவது கடினம் என்று மத்திய அரசோடு கலந்து பேசி தேர்தல் ஆணையம் சான்று கொடுத்தால் தள்ளிப்போகலாம்.

மரணத்தால் காலியாகும் தொகுதிகளில் பெரும்பாலும் இந்தக் கணக்கு சரியாகவே நடக்கிறது. ஈரோடு கிழக்கில் திருமகன் ஈவெரா 2023 ஜனவரி 4 அன்று மறைந்தார், பிப்ரவரி 27 அன்று இடைத்தேர்தல். அதில் வென்ற அவரது தந்தை ஈவிகேஎஸ் இளங்கோவன் 2024 டிசம்பர் 14 அன்று மறைந்தார், 2025 பிப்ரவரி 5 அன்று மறுபடி இடைத்தேர்தல். இரண்டுமே இரண்டு மாதத்துக்குள் முடிந்தன.

ஆனால் எப்போதும் அப்படி இல்லை. ஜெயலலிதா மறைவால் 2016 டிசம்பரில் காலியான ஆர்.கே. நகருக்கு 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தல், பணப் பட்டுவாடா புகாரால் ரத்தானது. கடைசியில் டிசம்பர் 21 அன்று நடந்தது. ஒரு ஆண்டுக்கு மேல் ஆச்சு. கருணாநிதி மறைவால் 2018 ஆகஸ்டில் காலியான திருவாரூருக்கு 2019 ஜனவரியில் நடக்கவிருந்த தேர்தல், கஜா புயல் நிவாரணப் பணிகளால் ரத்தானது. ஏப்ரலில்தான் நடந்தது.

குடியாத்தமும் திருவொற்றியூரும் 2020 பிப்ரவரி கடைசியில் அடுத்தடுத்த நாளில் காலியானபோது, சட்டமன்றத்துக்கு இன்னும் ஒரு ஆண்டுக்கு மேல் காலம் இருந்தது. அதாவது தேர்தல் நடந்திருக்க வேண்டும். கொரோனா வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் மற்ற மாநிலங்களுக்கு இடைத்தேர்தல் அறிவித்த ஆணையம், தமிழ்நாடு, கேரளம், அசாம், மேற்கு வங்கத்தில் ஏழு தொகுதிகளுக்கு நடத்தவில்லை. அந்த ஏழில் இந்த இரண்டும் அடக்கம்.

ஒரு ஆண்டு விதிவிலக்குக்கு உதாரணம் கோபிச்செட்டிபாளையம். 2025 நவம்பரில் செங்கோட்டையன் ராஜினாமா செய்து தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தபோது, சட்டமன்றத்துக்கு ஆறு மாதம் கூட மீதி இல்லை. அதனால் இடைத்தேர்தல் என்ற பேச்சே எழவில்லை.

எம்.எல்.ஏ. இல்லாவிட்டால் தொகுதிக்கு என்ன நஷ்டம்?

ரேஷன் கடை திறக்கும். தாலுகா அலுவலகம் நடக்கும். பஸ் ஓடும். அரசு நின்றுபோகாது. ஆனால் கேட்பதற்கு ஆள் இருக்காது. பட்ஜெட் கூட்டத்தொடரில் அந்தத் தொகுதியின் பாலத்தைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி, பள்ளிக் கட்டடத்தைப் பற்றிக் கேள்வி போட உறுப்பினர் இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதியில் எந்த வேலை முதலில் என்று பரிந்துரைக்க மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் இல்லை. அவையில் சட்டமோ வரியோ நம்பிக்கைத் தீர்மானமோ வாக்கெடுப்புக்கு வரும்போது, அந்த ஊருக்கு மட்டும் ஓட்டு இல்லை. குடியாத்தம் போன்ற தனித் தொகுதியில், பட்டியல் சாதியினருக்கு உறுதி செய்யப்பட்ட ஒரு குரலும் அவையில் குறைகிறது.

வாக்காளர்களே திரும்ப அழைக்க முடியுமா?

'தொகுதிப் பக்கமே வரமாட்டேங்கிறார், மாத்த முடியாதா?' என்பது எல்லா ஊரிலும் கேட்கும் கேள்வி. முடியாது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற சில மாநிலங்களில் நகராட்சித் தலைவர் போன்ற உள்ளாட்சிப் பதவிகளுக்குத் திரும்ப அழைக்கும் முறை உண்டு. எம்.எல்.ஏ.வையோ எம்.பி.யையோ திரும்ப அழைக்க இந்தியாவில் சட்டம் இல்லை.

மொத்தத்தில் இப்படி ஆகிறது. ராஜினாமா என்றால் உறுப்பினரும் சபாநாயகரும். தண்டனை என்றால் நீதிமன்றம். கட்சித் தாவல் என்றால் சபாநாயகர், பிறகு நீதிமன்றம். இடைத்தேர்தல் தேதி என்றால் தேர்தல் ஆணையம். பட்டியலில் இல்லாதவர் ஒருவர்தான், வாக்காளர்.

தீர்வு இருக்கிறதா?

எல்லாத் தாமதத்தையும் தவிர்க்க முடியாது. மரணத்துக்கும் புயலுக்கும் கெடு வைக்க முடியாது. ஆனால் சபாநாயகர் எடுக்கும் நேரத்துக்குக் கெடு வைக்கலாம். 2020 ஜனவரி 21 அன்று மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் செய்தது. சிறப்புக் காரணம் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்குள் தகுதி நீக்க மனு மீது முடிவு எடுக்க வேண்டும் என்றது. இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடம் இருந்து எடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான நிரந்தரத் தீர்ப்பாயத்திடம் கொடுப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்றும் சொன்னது.

அதன் பிறகும் பழைய கதை நிற்கவில்லை. தெலங்கானாவில் காங்கிரஸ் பக்கம் போனதாகச் சொல்லப்பட்ட பி.ஆர்.எஸ். எம்.எல்.ஏ.க்கள் 10 பேர் மீதான மனுக்கள் மாதக்கணக்கில் கிடந்தன. 2025 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் மூன்று மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது டெல்லி வரை போய்த்தான் இந்தக் கெடுவை வாங்க வேண்டியிருக்கிறது. பத்தாவது அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும், அந்தப் பயணமே தேவைப்படாது. அதைச் சேர்க்க வேண்டியது நாடாளுமன்றம்.

அதுவரை வாக்காளர் செய்யக்கூடியது, தன் தொகுதியின் நாற்காலி எப்போது காலியானது, அரசிதழில் அறிவிப்பு வந்ததா, ஆறு மாதக் கெடு எப்போது முடிகிறது, இடைத்தேர்தலைத் தடுப்பது எந்த வழக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. ஓட்டுக் கேட்டு மறுபடி வாசலுக்கு வருபவர்களிடம் இந்த நான்கு கேள்வியையும் கேட்கலாம்.